சுவாமிக்கு முதுகு காட்டாத தொழில்

சித்திரை மாதத்து அட்சய திருதியை. கும்பகோணம் பெரிய தெருவில் சாரங்கபாணி, சக்கரபாணி, இராமசுவாமி முதலிய பன்னிரண்டு பெருமாள்களும் கருட வாகனத்தில் ஒருசேர எழுந்தருளும் நாள். தெருவெங்கும் மக்கள் வெள்ளம். அந்த நெரிசலில், புறப்பட்டு வரும் வாகனம் ஒன்றுக்கு நேர் எதிரே ஒருவர் பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறார். கழுத்தில் ஒரு கேமரா, தோளில் மற்றொன்று. அவருடைய இடுப்பு வாரைப் பின்னாலிருந்து ஓர் இளைஞர் பிடித்துக்கொண்டு, “படி... மேடு... இடப்பக்கம் வாங்கண்ணே” என்று வழி சொல்லிக்கொண்டே வருகிறார். மற்றவர்கள் சுவாமிக்கு முன்னும் பின்னும் பக்கத்திலும் நடக்க, இவர் ஒருவர் மட்டும் தெரு முழுவதும் சுவாமியின் திருமுகத்தைப் பார்த்தபடியே நடக்கிறார்.

ஐம்பதைக் கடந்த இந்தப் புகைப்படக் கலைஞர் எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் வாங்குபவர் அல்லர். அழைப்பவர் வீட்டுக்கும் அழைக்கும் கோயிலுக்கும் சென்று படமெடுத்துக் கொடுத்து, அதில் வரும் வருவாயில் குடும்பம் நடத்துபவர். தம் பெயர் அச்சில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “படத்துல சுவாமி இருந்தாப் போதும்” என்பது அவர் சொன்ன காரணம்.

துயரமும் கலந்துபோன 1992ஆம் ஆண்டு மகாமகத்தின்போது அவருக்கு வயது இருபது. உள்ளூர் ஸ்டூடியோ ஒன்றில் உதவியாளர். பிலிம் சுருளை மாற்றிக் கொடுப்பதும், ‘பிளாஷ்’ விளக்கை உயர்த்திப் பிடிப்பதுமே அன்று அவருடைய பணி. 2004 மகாமகத்தில் சொந்தக் கேமராவுடன் குளக்கரையில் நின்றார். அப்போதும் பிலிம்தான். 2016 மகாமகத்தில் கையில் டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது. “அடுத்தது 2028. கண்ணும் முழங்காலும் அதுவரைக்கும் ஒத்துழைக்கணும்” என்கிறார். அவர் தம் வயதை மகாமகங்களால்தான் அளக்கிறார்.

முகூர்த்தமும் உற்சவமும்

இத்தொழிலின் ஆண்டுக் கணக்கு பஞ்சாங்கத்தை ஒட்டியது. தை, வைகாசி, ஆவணி போன்ற மாதங்களில் திருமணங்கள் அடுத்தடுத்து வரும். ஒரே நாளில் இரண்டு மண்டபங்களுக்கு ஒப்புக்கொண்டு, காலை முகூர்த்தத்தை இவரும் மாலை வரவேற்பை உதவியாளரும் பார்த்துக்கொள்வதும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் ஓய்ந்துவிடும். கோயில்களோ அப்போதுதான் களைகட்டும். ஆடியில் அம்மன் கோயில் விழாக்கள், புரட்டாசியில் நவராத்திரி, மார்கழியில் வைகுண்ட ஏகாதசியும் ஆருத்ரா தரிசனமும் என்று உற்சவங்கள் தொடர்கின்றன. முகூர்த்தமில்லாத மாதங்களில் தம் வீட்டில் அடுப்பெரிவது சுவாமி புறப்பாட்டினால்தான் என்று அவர் சொல்வதில் மிகையில்லை.

மார்கழியிலும் பங்குனியிலும் நாச்சியார்கோயில் கல் கருடன் புறப்பாடு நடைபெறும்போது, வேறு எந்த வேலையையும் அவர் ஏற்பதில்லை. சந்நிதியிலிருந்து நால்வராகத் தாங்கி வரும் கருடனை, வெளியே வர வர எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு பேர் என்று தாங்க வேண்டியிருக்கும் அந்த அதிசயத்தை அறியாதவர் இல்லை. படமெடுப்பவர் கவனிப்பது தாங்குவோரின் தோள்களை. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் தோள்கள் எப்படித் தாழ்கின்றன, கழுத்து நரம்புகள் எப்படிப் புடைக்கின்றன என்பதைப் பல ஆண்டுகளாக வரிசையாக எடுத்து வைத்திருக்கிறார்.

கும்பாபிஷேகப் பணி இன்னும் கடினமானது. கடம் புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே அனுமதிச் சீட்டுடன் சாரத்தில் ஏறிவிட வேண்டும். பிறகு இறங்க வழியில்லை. வெயிலில் மூன்று மணி நேரம் நின்றாலும் தண்ணீர் அருந்துவதைத் தவிர்த்துவிடுவார். புனித நீர் கலசத்தின்மீது சொரியும் நேரம் சில நொடிகளே. அந்த நொடிகளில் லென்சில் நீர்த்துளி தெறித்துவிட்டால் எல்லாம் வீண். “மறுபடி ஊத்துங்கன்னு சிவாசாரியாரிடம் கேட்க முடியுமா? அடுத்த வாய்ப்புக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்கணும்” என்று சிரிக்கிறார்.

அவருக்கென்று சில நியமங்கள் உண்டு. மூலவரை எடுப்பதில்லை. உற்சவரை எடுப்பதானாலும் கோயிலாரின் அனுமதியின்றி எடுப்பதில்லை. தீபாராதனையின்போது பிளாஷ் விளக்கைப் பயன்படுத்துவதில்லை. கற்பூர ஒளியிலேயே படம் பதிய வேண்டும். விழா நாள்களில் அவர் அசைவம் உண்பதில்லை. கேமராப் பையைத் தரையில் கால்படும் இடத்தில் வைப்பதுமில்லை.

விழா முடிந்து வீடு திரும்பினாலும் வேலை முடிவதில்லை. ஓர் உற்சவத்தில் பதிவான ஆயிரக்கணக்கான படங்களை இரண்டு வன்தட்டுகளில் சேமித்து, கண் மூடியவை, கை மறைத்தவை, அசைந்தவை எனக் கழித்து, தேறியவற்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் பொழுது புலர்ந்துவிடும். ஆல்பம் கொடுத்த பிறகு பாக்கித் தொகைக்காக நடக்க வேண்டும். திருமணத்துக்கு முன்பணம் தரும் வழக்கம் உண்டு. திருவிழாவிலோ உபயதாரர் ஒருவர், விழாக் குழுவினர் வேறொருவர். பணம் யாரிடமிருந்து வரும் என்பதே சில சமயம் தெரியாது.

2020 பிப்ரவரி 5ஆம் நாள் தஞ்சைப் பெரிய கோயிலில் 23 ஆண்டுகளுக்குப் பின் குடமுழுக்கு நடைபெற்றது. அதற்காகவே வங்கிக் கடனில் புதிய கேமராவும் லென்சும் வாங்கியிருந்தார். அடுத்த மாதமே ஊரடங்கு. கோயில் நடைகள் பக்தர்களுக்கு அடைக்கப்பட்டன, மண்டபங்கள் பூட்டப்பட்டன. கடன் தவணையைத் தள்ளிவைக்கச் சலுகை கிடைத்தபோதிலும் வட்டி ஏறிக்கொண்டே போயிற்று. மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. “கேமராவை வித்துடலாமான்னு கேட்டேன். ‘அது சுவாமியைப் பார்த்த கண்ணு, விற்கக் கூடாது’ன்னுட்டா” என்று நினைவுகூர்கிறார். வளையல்கள் மீண்டும் வீடு வர இரண்டரை ஆண்டுகள் ஆயின.

முப்பத்தாறாவது படம்

அவருடைய தொழில் வாழ்க்கையின் போக்கை மாற்றியது ஒரே ஒரு படம்.

1998இல், அரசலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் சிவாலயக் கும்பாபிஷேகத்துக்கு அவரை அழைத்திருந்தனர். ஒரு பிலிம் சுருளில் முப்பத்தாறு படங்கள். முப்பத்தைந்து முடிந்துவிட்டன. ஒன்று எஞ்சியிருந்தது. திருமஞ்சனம் முடிந்து, சந்திரசேகரர் உற்சவத் திருமேனியைக் குருக்கள் ஈரம் போகத் துடைத்து வைத்த நேரம். ஏதோ ஓர் உந்துதலில் இவர் அந்தக் கடைசிப் படத்தை எடுத்துவிட்டார்.

குருக்களுக்கு வந்தது கோபம். “அலங்காரம் ஆகறதுக்கு முன்னாடி எடுக்கலாமாடா?” என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். இளைஞராக இருந்த இவர் மிகவும் கூசிப்போனார். அந்தப் படத்தை ஆல்பத்தில் சேர்க்காமல், நெகட்டிவை மட்டும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுவைத்தார்.

பதினோர் ஆண்டுகள் கழித்து ஒரு மழை இரவில் அந்தக் கோயிலின் பூட்டு உடைக்கப்பட்டது. சந்திரசேகரர் களவு போனார். காவல் துறையினர் திருமேனியின் அடையாளம் கேட்டனர். கோயில் பதிவேட்டில் ‘சுவாமி சிலை ஒன்று’ என்பதற்குமேல் விவரம் இல்லை. கும்பாபிஷேக ஆல்பத்தில் சுவாமி எத்தனையோ படங்களில் இருந்தார். ஆனால், பட்டும் மாலையும் கவசமுமாக இருந்த அப்படங்களில் திருமுகம் தவிர ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு அத்தனை அழகான அந்தப் படங்கள் எவையும் அடையாளம் காட்ட உதவவில்லை.

செய்தி கேட்டு அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்தார் புகைப்படக்காரர். முப்பத்தாறாவது படத்தில், மேற்கரங்களில் மானும் மழுவும், இடுப்பு மடிப்பும், இடப் பாதத்தருகே பீடத்தில் இருந்த சிறு நசுங்கலும் தெளிவாகப் பதிந்திருந்தன. குருக்கள் அதை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அன்னிக்கு உன்னைக் கோச்சுண்டேனேப்பா... இப்போ இது ஒண்ணுதான் சாட்சி” என்றார்.

அந்தப் படம் வழக்கு ஆவணங்களில் சேர்ந்துவிட்டது. திருமேனி இன்னும் கிடைக்கவில்லை. மகன் வீட்டில் சென்னையில் வாழும் குருக்கள், தொலைபேசியில் பேசும்போதெல்லாம் முதலில் கேட்பது, “ஏதாவது தகவல் உண்டா?” என்பதுதான்.

நம்பிக்கை இழக்கத் தேவையில்லை என்பதற்குச் சான்று நம் கண்முன் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து கடத்தப்பட்ட சோழர் கால நடராஜர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம்வரை சென்றுவிட்டார். அந்தத் திருமேனி அக்கோயிலுக்கே உரியது என்று நிறுவ உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் 1994இல் எடுத்து வைத்திருந்த படம். 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியா திரும்பினார். யாரோ ஒருவர் அமைதியாக எடுத்து, பத்திரமாக வைத்த ஒரு படம் கடல் கடந்து போன ஆண்டவனை அழைத்து வந்தது.

நான்கு பக்கமும் ஒரு படம்

அன்றிலிருந்து இவர் புதிய வழக்கமொன்றை மேற்கொண்டார். சிற்றூர்க் கோயில் எதற்குச் சென்றாலும், ஒப்புக்கொண்ட வேலை முடிந்ததும், குருக்களிடமும் நிர்வாகத்திடமும் பணிவுடன் அனுமதி கேட்பார். அவர்கள் இசைந்தால், திரையிட்டு, குருக்களே திருமேனியை எழுந்தருளச் செய்ய, அலங்காரமின்றி முன்னும் பின்னும் இரு பக்கமுமாக நான்கு படங்கள் எடுப்பார். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கும். பீடத்தில் எழுத்து இருந்தால் அதற்குத் தனியாக ஒரு படம். நாளும் ஊரும் குறித்து, பிரதிகளைக் கோயில் நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிடுவார். வெளியார் எவருக்கும் காட்டுவதில்லை. இதற்குக் கட்டணமும் இல்லை.

எல்லாரும் இசைவதில்லை. “ஆகமத்தில் இடமில்லை” என்று மறுப்பவரிடம் அவர் வாதாடுவதில்லை. முப்பத்தாறாவது படத்தின் கதையை மட்டும் சொல்லிவிட்டு வணங்கி விடைபெறுவார். சில மாதங்கள் கழித்து அவர்களே அழைத்ததும் உண்டு. இதுவரை நாற்பதுக்கும் மேற்பட்ட கோயில்களில் இப்பணியைச் செய்து முடித்திருக்கிறார்.

வாசக அன்பர்களிடம் அவர் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. பலர் வீட்டுப் பரணிலும் அலமாரியிலும் குலதெய்வக் கோயில், கிராமத்துத் திருவிழா, பழைய கும்பாபிஷேகம் ஆகியவற்றின் படங்கள் இருக்கும். கறுப்பு வெள்ளையாக இருக்கலாம், ஓரம் அரித்திருக்கலாம். அவற்றைத் தூக்கியெறிந்துவிட வேண்டாம். எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தச் சுவாமி என்பது நினைவில் இருக்கும்போதே, தனிக் காகிதத்தில் எழுதிப் படத்துடன் சேர்த்து வையுங்கள். ஒரு பிரதியை அந்தக் கோயிலுக்கும் கொடுங்கள். பேரப்பிள்ளைகள் அதைக் கைப்பேசியிலேயே எடுத்துத் தருவார்கள்.

பெரிய தெருவில் உச்சிவெயில் ஏறிவிட்டது. பெருமாள்கள் ஒவ்வொருவராகத் தத்தம் கோயிலுக்குத் திரும்புகிறார்கள். கடைசி வாகனமும் தெருமுனையில் திரும்பும்வரை படமெடுத்தவர், இரண்டு கேமராக்களையும் உதவியாளரின் கையில் கொடுக்கிறார். தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறுங்கண்ணால் கருடன்மீது அமர்ந்த எம்பெருமானைப் பார்த்துக் கைகூப்புகிறார். அவருக்கென்று வாய்த்த தரிசனம் அந்த அரை நிமிடந்தான். மாலையில் ஒரு நிச்சயதார்த்தம். நாளை விடியலில் ஒரு கிராமக் கோயில். பையில் அளவுகோல் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு புறப்படுகிறார்.