ஆராய்ச்சியின் மதிப்பும் மேற்கோள் கணக்கும்

ஒரு விஞ்ஞானிக்குப் பதவி உயர்வு அளிக்கலாமா, அவரது திட்டத்துக்குப் பொதுப் பணத்திலிருந்து நிதி ஒதுக்கலாமா என்று முடிவு செய்யும் குழுவின் முன் இன்று பெரும்பாலும் ஓர் எண் வைக்கப்படுகிறது. அவர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிற ஆராய்ச்சியாளர் மேற்கோள் காட்டியது எத்தனை முறை என்பதே அதற்கு அடிப்படை. இக்கணக்கு எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை அதிகாரிகளும் ஆராய்ச்சி மாணவர்களும் அறிந்திருப்பது அவசியமாகும்.

கணக்கின் வரலாறு

விஞ்ஞானக் கட்டுரை எழுதுவோர், தமக்கு ஆதாரமாக அமைந்த முந்தைய கட்டுரைகளைக் குறிப்பிடுவது மரபு. இக்குறிப்புகளைத் தொகுத்தால் கருத்துகளின் தொடர்பைக் கண்டறியலாம் என்று அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு 1955-ம் ஆண்டில் ‘சயன்ஸ்’ ஏட்டில் எழுதினார். 1964-ல் அவரது நிறுவனம் ‘சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. கட்டுரைகளைத் தேடுவதற்கென உருவான இக்கருவி, நாளடைவில் ஆராய்ச்சியாளரை அளக்கும் கோலாகவும் மாறியது.

2005-ம் ஆண்டில் பௌதிக விஞ்ஞானி ஹார்ஹே ஹிர்ஷ் ‘எச் குறியீட்டெண்’ என்ற அளவையை முன்வைத்தார். ஒருவரின் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவரது எண் 20. ஐந்தே கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றும் 500 முறை மேற்கோள் காட்டப்பட்டவரின் எண்ணோ 5 மட்டுமே. முன்னவரைவிடப் பின்னவர் தாழ்ந்தவர் என்று இதனால் கூறிவிட முடியுமா?

பெயிண்டலின் ஆராய்ச்சி

நரம்பு உடலியலில் புகழ்பெற்ற இந்தியரான அவதார் சிங் பெயிண்டலின் (1925–2004) பணி இதற்குத் தக்க சான்றாகும். தனி நரம்பிழையில் செல்லும் மின்துடிப்புகளைப் பதிவு செய்யும் முறையை எடின்பரோவில் அவர் வளர்த்தார். நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடுத்துள்ள நரம்பு முனைகளைப் பற்றி 1955-ல் கட்டுரை வெளியிட்டார். நுரையீரல் திசுவில் நீர் மிகும்போது இம்முனைகள் தூண்டப்பட்டு, மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் அமைகிறது.

நுரையீரல் சுருங்குவதை உணரும் முனைகள் என்ற பொருளில் முதலில் பெயரிட்ட அவர், 1969-ம் ஆண்டுக் கட்டுரையில் அவற்றை ‘ஜே’ உணர்வேற்பிகள் என்று அழைத்தார். புதிய பெயரை மட்டும் கொண்டு தேடுவோர் 1955-ம் ஆண்டுக் கட்டுரையைத் தவறவிடக்கூடும். மேலும், இக்கண்டுபிடிப்பு இன்று மருத்துவ மாணவரின் பாடநூலில் இடம்பெற்றுவிட்டது. பொது அறிவாகிவிட்ட உண்மைக்கு எவரும் மூலக் கட்டுரையைச் சுட்டுவதில்லை. ஆகவே, ஒரு கண்டுபிடிப்பு முழு வெற்றி பெறும்போதே அதன் மேற்கோள் குறைவதும் உண்டு.

பிற காரணங்களும் உள. மருத்துவம், நரம்பியல் போன்ற பெருந்துறைகளில் எழுதுவோர் பலர். எனவே மேற்கோள்களும் மிகுதி. கணிதத்தில் நிலைமை வேறு. புதிய முடிவைக் கூறும் கட்டுரையைவிட, பிறர் முடிவுகளைத் தொகுத்துரைக்கும் கட்டுரை பொதுவாக அதிக மேற்கோள் பெறும். தவறென மறுக்கப்படும் கட்டுரையும் மேற்கோள் கணக்கில் சேரும்.

நம் நாட்டின் அனுபவம்

2010-ம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள், ஆசிரியரின் கட்டுரைகளுக்குப் புள்ளிகள் வழங்கின. நோக்கம் நல்லதே. ஆயினும் புள்ளிகளை நாடியோரின் தேவையைப் பயன்படுத்தி, பணம் பெற்றுக்கொண்டு பரிசீலனையின்றிக் கட்டுரை வெளியிடும் ஏடுகள் பெருகின. இதைத் தடுக்க 2019-ல் குழு அங்கீகரிக்கப்பட்ட ஏடுகளின் பட்டியலை நடைமுறைப்படுத்தியது. 2025-ல் அப்பட்டியல் கைவிடப்பட்டு, ஏடுகளின் தரத்தை மதிப்பிடும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமே விடப்பட்டது.

எனவே, தேர்வுக் குழுக்களின் கடமை கூடியிருக்கிறது. மேற்கோள் கணக்கை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே துறையில், ஒத்த பணிக்காலம் உடையோரை ஒப்பிடுகையில் அது பயன்படும். ஆனால் விண்ணப்பதாரரின் சிறந்த ஐந்து கட்டுரைகளைக் கேட்டுப் பெற்று, அத்துறை வல்லுநர் அவற்றைப் படித்துக் கருத்துக் கூறச் செய்வதே முறையான வழி. ஆராய்ச்சி மதிப்பீடு பற்றிய 2012-ம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும், வெளியான ஏட்டின் புகழைவிடக் கட்டுரையின் உள்ளடக்கமே முக்கியம் என்கிறது. எண்ணைக் கூட்டுவது எளிது. கட்டுரையைப் படிக்க நேரம் வேண்டும். பொதுப் பணத்தை ஒதுக்குவோர் அந்த நேரத்தைச் செலவிடத்தான் வேண்டும்.