குளிசையும் கருஞ்சீரகமும்

போன வருடம் நோன்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது உம்மாவின் அலுமாரியைத் துப்பரவு செய்தேன். பழைய பிஸ்கட் டின் ஒன்று கிடைத்தது. திறந்து பார்த்தால் உள்ளே மெட்ஃபோமின் குளிசைகள். கிளினிக்கில் கொடுக்கும் சின்னக் கடதாசி உறைகள் பிரிக்கப்படாமலே இருந்தன. எண்ணிப் பார்த்தேன். மூன்று மாத மருந்து.

"உம்மா, இதென்ன?"

"அது கெமிக்கல் மகள். கூடக் குடிச்சா கிட்னி பழுதாப் போகும் எண்டு சொல்றாங்க. நான் வெறுவயித்துல கருஞ்சீரகமும் வெந்தயமும் குடிக்கிறன். அது நபி மருந்துதானே?"

"டொக்டர்ட்ட சொன்னீங்களா?"

"சொன்னா ஏசுவாங்க."

இந்தப் பதில்களை எங்கட ஊர்களில் எத்தனையோ வீடுகளில் கேட்கலாம். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, 'கெமிக்கல்' என்ற பயம். மெட்ஃபோமினின் பிறப்பே ஒரு மூலிகையிலிருந்துதான். ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடி பழைய காலத்தில் நாட்டு மருந்தாகப் பயன்பட்டது. அதில் சீனியைக் குறைக்கும் ஒரு பொருள் இருப்பது தெரியவந்தது. ஆனால் அந்தப் பொருளில் நச்சும் இருந்தது. அதனோடு உறவுள்ள, நச்சுக் குறைந்த மெட்ஃபோமினை 1922இல் ஆய்வுகூடத்தில் ஆக்கினார்கள். 1957இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ஜோன் ஸ்டேர்ன் அதை நோயாளருக்குக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். ஆக, குளிசை என்பது மூலிகைக்கு எதிரி அல்ல. மூலிகையில் கண்ட குணத்தை அளந்து, நச்சைக் குறைத்து, ஒவ்வொரு குளிசையிலும் ஒரே அளவாக வைத்த முயற்சி அது.

கிட்னி கதையும் தலைகீழாகவே பரவியிருக்கிறது. சிறுநீரகத்தைப் பழுதாக்குவது பல வருடங்களாகக் கட்டுப்படாமல் கிடக்கும் சீனிதான். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு மெட்ஃபோமினின் அளவைக் குறைப்பார்கள், சிலருக்கு நிறுத்துவார்கள். அதைப் பார்த்தவர்கள், குளிசைதான் பழுதாக்கியது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இயற்கையானது எல்லாம் தீங்கற்றது என்பதும் சரியல்ல. சீனிக்கு நல்லது என்று காமரங்காச் சாற்றை வெறுவயிற்றில் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ள ஒக்சலேற்று சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யக்கூடும். சீனி வருத்தத்தால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பெயரும் அளவும் எழுதப்படாத 'மூலிகைத் தூள்' பக்கற்றுகளை நம்பவே கூடாது. அப்படியான தூள்களில் ஸ்டெரொயிட் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

இரண்டாவது, நபி மருந்து. கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்ற கருத்துள்ள ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்த நோய்க்கு, எவ்வளவு, எதனோடு சேர்த்து என்பது வைத்தியரின் துறை. எல்லா நோய்க்கும் அது ஒன்றே போதும், மற்ற மருந்தை விடுங்கள் என்று அந்த ஹதீஸ் சொல்லவில்லை. வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்று ஏவியவர்களும் நபி (ஸல்) அவர்களே. மருத்துவம் அறியாதவர் வைத்தியம் செய்தால் விளைவுக்கு அவரே பொறுப்பு என்ற கருத்தும் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. வட்சப்பில் வருகிற மருந்துக் குறிப்பை அடுத்தவருக்கு அனுப்பும் முன்னர் இதை நாம் ஒருமுறை நினைக்க வேண்டும்.

1037இல் மறைந்த இப்னு ஸீனா, தமது 'அல்கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் ஒரு மருந்தைச் சோதிக்கும் விதிகளை எழுதினார். பல நோய் கலந்த ஒருவரிடம் சோதிக்காமல் ஒரே நோயுள்ளவரிடம் சோதிக்க வேண்டும். பலன் ஒருமுறை தெரிந்தால் போதாது, திரும்பத் திரும்பத் தெரிய வேண்டும் என்பன அவற்றுட் சில. எங்கட வீட்டில் நடந்ததை இதில் வைத்துப் பார்த்தேன். உம்மா கருஞ்சீரகம் தொடங்கிய அதே மாதம் சோற்றையும் குறைத்தார், சுபஹுக்குப் பிறகு நடக்கவும் தொடங்கினார், குளிசையும் அப்போது குடித்துக்கொண்டிருந்தார். சீனி 118க்கு இறங்கியது. இறக்கியது எது? உம்மா கருஞ்சீரகத்துக்குப் பேர் கொடுத்துவிட்டுக் குளிசையை நிறுத்தினார். அடுத்த கிளினிக்கில் 264.

மூன்றாவது பதில்தான் என்னை அதிகம் பயப்படுத்தியது. 264ஐக் கண்ட டொக்டர், கொடுத்த மருந்து போதவில்லை என்று எண்ணி, இன்னொரு குளிசையும் சேர்த்து எழுதியிருந்தார். அவரில் பிழையில்லை. கொப்பியில் எழுதியதை உம்மா குடிக்கிறார் என்றே அவர் நம்பினார். நோன்பில் உம்மா மனம் மாறி எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குடிக்கத் தொடங்கியிருந்தால், பகலில் சாப்பாடும் இல்லாமல் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கலாம். அவரைக் காப்பாற்ற எழுதிய மருந்தே அவரை விழுத்தியிருக்கும்.

ஏசுவார்கள் என்ற பயம் சும்மா வந்ததல்ல. முன்பொரு தடவை ஓரிடத்தில் கைமருந்துப் பேச்சை எடுத்தபோது உம்மாவை எல்லாருக்கும் முன்னால் ஏசியிருக்கிறார்கள். வைத்தியர்களும் இதை யோசிக்க வேண்டும். ஏச்சு கைமருந்தை நிறுத்தாது. அதைப் பற்றிச் சொல்வதை மட்டுமே நிறுத்தும்.

அப்படியானால் எப்படித் தெரிவுசெய்வது? தானாக மாறும் தடிமன், இலேசான இருமல், வயிற்றுப் பொருமலுக்கு மல்லித் தண்ணியும் இஞ்சியும் போதும். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், மூச்சு முட்டல், இரத்தம் கண்டால் தாமதிக்கக் கூடாது. சீனி, பிரஷர் இரண்டும் வலி காட்டாத வருத்தங்கள். உடம்பு நல்லாயிருக்கு என்ற உணர்வை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது, அளந்துதான் முடிவெடுக்க வேண்டும். கைமருந்து குடிப்பதானால் அதைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதிக் காட்டுங்கள். வெந்தயமும் பாகற்காயும் குளிசையோடு சேர்ந்து சீனியைக் கூடுதலாக இறக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து குடிப்பவர்கள் உள்ளி, இஞ்சியை மருந்தளவில் எடுக்கும் முன்னர் கேட்க வேண்டும். நாட்டு வைத்தியம்தான் விருப்பம் என்றால் பதிவுபெற்ற யூனானி, சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் போங்கள். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் அவர்கள் பதிவுசெய்யப்படுகிறார்கள். அவரிடமும் குளிசைகளைக் காட்டுங்கள்.

திருக்குறளில் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து மருந்து கொடுப்பவர். வகுப்பில் எத்தனையோ வருடம் இதைப் படிப்பித்திருக்கிறேன். அந்த நான்காவது ஆள் நான்தான் என்பது பிஸ்கட் டின்னைத் திறந்தபோதுதான் விளங்கியது. மூன்று மாதம் உம்மா மருந்து குடிக்கிறாரா என்று நான் கேட்கவேயில்லை.

அடுத்த நாள் டின்னையும் கருஞ்சீரகப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உம்மாவோடு போனேன். டொக்டர் ஏசவில்லை. கூட்டி எழுதிய குளிசையை வெட்டினார், நோன்புக்கு மெட்ஃபோமினை இஃப்தாருக்கும் சஹருக்குமாகப் பிரித்துக் கொடுத்தார். கருஞ்சீரகத்தைக் கொஞ்சமாகச் சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் உம்மா கேட்டார்: "இவ்வளவுதானா மகள்? இத நான் அப்பவே சொல்லியிருக்கலாமே."