அரசியைக் கொண்டு இறுதி முற்றுகை

சதுரங்கத்தில் அரசனும் அரசியும் உள்ள தரப்பு, அரசன் மட்டுமே எஞ்சிய எதிர்த்தரப்பை வெல்வது அடிப்படையான இறுதி முற்றுகைகளுள் ஒன்றாகும். வெள்ளையிடம் அரசி இருந்து, நகர்த்தும் முறையும் வெள்ளையுடையதானால், எந்நிலையிலிருந்தும் அதிகபட்சம் 10 நகர்வுகளில் வெல்லலாம். ஆனால் அரசியால் தனித்து இதை முடிக்க இயலாது. தன் அரசனின் துணை வேண்டும்.

முதலில் எதிரி அரசனிடமிருந்து குதிரைப் பாய்ச்சல் தொலைவில் அரசியை நிறுத்த வேண்டும். அவன் நகரும் திசையிலேயே அரசியும் நகர்ந்தால், ஒரு முற்றுகையும் வைக்காமலே அவனை விளிம்புக்குத் தள்ளலாம். அவன் மூலையை அடைந்ததும் இம்முறையைக் கைவிட வேண்டும். புதியவர்கள் வெற்றியை நழுவவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

எடுத்துக்காட்டாக, வெள்ளை அரசன் சி5, அரசி டி7, கருப்பு அரசன் ஏ8; வெள்ளையின் முறை. அரசியைச் சி7 கட்டத்துக்கு நகர்த்தினால், கருப்பு அரசன் முற்றுகையில் இல்லை, நகர்வதற்கும் கட்டமில்லை. ஆட்டம் சமநிலை! ஓர் அரசி கூடுதலாக இருந்தும் கிடைப்பது அரைப்புள்ளியே. அரசியைத் தொடாமல் அரசனைப் பி6-க்கு நகர்த்த வேண்டும். கருப்பு அரசனுக்குப் பி8 ஒன்றே வழி. அடுத்து அரசி பி7-க்கு வந்தால் இறுதி முற்றுகை. பி6-இல் அரசன் காவல் நிற்பதால் அவளை வெட்டவும் முடியாது.