ஆப்பிரிக்கக் கொம்பு – 7: புதைக்கப்பட்ட கோத்திரம்

1969ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி லாஸ் ஆனோத் நகரில் சோமாலிய ஜனாதிபதி அப்திரஷீத் அலி ஷெர்மார்க்கே தம்முடைய காவலுக்கென்று நின்றிருந்த போலீஸ்காரன் ஒருவனாலேயே சுட்டுக் கொல்லப்பட்டதையும், ஆறு நாட்களுக்குப் பின் முகமது சியாத் பர்ரேயின் தலைமையில் ராணுவம் ரத்தம் சிந்தாமல் ஆட்சியைக் கைப்பற்றியதையும் சென்ற வாரம் கண்டோம். ஒன்பது வருஷங்களே வாழ்ந்த குடியரசு இப்படி அஸ்தமித்தபோது அதற்காகத் துக்கம் காத்தவர்கள் மிகச் சிலரே. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் நடந்த தேர்தலில் 123 ஸ்தானங்களுக்கு 60க்கும் மேற்பட்ட கட்சிகளின் பேரால் ஆயிரத்துக்கும் அதிகமானோர் போட்டியிட்டார்கள் என்பதையும், அக்கட்சிகளில் பெரும்பாலானவை ஏதேனுமொரு குலக்கிளையின் மறுபெயரே என்பதையும், முடிவு வெளியானபின் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அநேகமாக அனைவருமே பதவியையும் சலுகையையும் நாடி ஆளுங்கட்சியான சோமாலிய இளைஞர் கழகத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், ஜனங்கள் ராணுவத்தை வரவேற்றதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சோமாலியர்கள் ஒரே மொழி பேசுகிறவர்கள். ஏறக்குறைய எல்லோரும் சுன்னி முஸ்லிம்கள். இத்தனை ஒற்றுமைக்குரிய அம்சங்கள் ஒருங்கே அமைந்த ஜன சமூகம் ஆப்பிரிக்காவில் அபூர்வம். ஆகவே இவர்களுக்குள் இவ்வளவு பிளவா என்று தூரத்திலிருந்து பார்ப்பவர் திகைப்பதும், அநாகரிகம் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறிவிட்டு அப்பால் செல்வதும் வழக்கமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு அநியாயமானது. மேய்ச்சலும் நீரும் தேடி ஒட்டகங்களோடு இடம்பெயர்ந்துகொண்டே இருக்கிற ஒருவனுக்கு, போலீசும் கோர்ட்டும் பாங்கியும் எட்டாத அந்த வறண்ட சமவெளியில், ஆபத்தில் ஓடிவருவதற்கும் நஷ்டத்தில் பங்கேற்பதற்கும் கடமைப்பட்டவர்கள் அவனுடைய பங்காளிகளே அல்லாமல் வேறு எவருமில்லை. குழந்தை பேசக் கற்றவுடன் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர்களை மனனம் செய்கிறதென்றால், அது வெறும் வம்சப் பெருமைக்காக அன்று. யாரிடம் உதவி கேட்கலாம், யாருக்கு உதவியே தீரவேண்டும் என்ற கணக்கு அதில் அடங்கியிருக்கிறது. ஒரு மனிதன் கொல்லப்பட்டால் 100 ஒட்டகம், பெண்ணாயின் 50 என்று சம்பிரதாயம் வகுத்திருக்கும் ரத்தப் பரிகாரத்தை, அவர்கள் 'மாக்' என்று சொல்வதை, கொன்றவன் தனியே செலுத்துவதில்லை. சில நூறு முதல் சில ஆயிரம் ஆண்கள் கொண்ட அவனுடைய தாயாதிக் கூட்டம் முழுவதும் சேர்ந்து செலுத்துகிறது, செத்தவனுடைய கூட்டம் சேர்ந்து பெறுகிறது. பழிக்குப் பழி என்று நாடு முழுவதும் எரிந்துபோகாமல் தடுத்து நின்ற சட்டம் அதுதான்.

இந்தச் சமூகத்தில், குறிப்பாக வடக்கிலும் மத்தியிலும் வாழ்ந்த மேய்ச்சல் குலங்களில், கட்டளையிட்டுப் பணியவைக்கும் அரசன் இருந்ததில்லை. சுல்தான் என்ற பட்டம் உண்டு. ஆனால் அவர் கையில் தண்டம் இல்லை. மரத்தடியில் கூடுகிற சபையில் வயது வந்த ஆண்மகன் எவனும் எழுந்து பேசலாம். பெண்களுக்கு அங்கே இடமில்லை என்பது அந்தச் சமத்துவத்தின் பெருங்குறை. எல்லோரும் பேசித் தீர்ந்த பிறகு சொல்லப்படும் முடிவுக்கு மதிப்பு உண்டே தவிர, மேலே உட்கார்ந்திருப்பவன் சொன்னான் என்பதற்காக எந்தச் சொல்லுக்கும் மதிப்பு இல்லை. பிரிட்டிஷாரும் இத்தாலியரும் கொண்டுவந்து வைத்த சர்க்கார் என்ற அமைப்போ இதற்கு நேர்மாறானது; சுங்கமும் சம்பளமும் லைசென்சும் துப்பாக்கியும் ஒரே நாற்காலியின் கீழ் குவிந்திருப்பது. அந்த நாற்காலியில் அமர்ந்தவனிடம் அவனுடைய பங்காளிகள் உரிமையோடு பங்கு கேட்டார்கள். மற்றவர்கள் அச்சத்தோடு அவனை அளந்து பார்த்தார்கள்.

இதை மாற்ற முயன்றவர்கள் இல்லாமலில்லை. 1964இல் பிரதமராக நியமிக்கப்பட்ட அப்திரசாக் ஹாஜி ஹுசைன், குலவாரிப் பங்கீட்டைப் பாராமல் திறமையைக் கருதி மந்திரிகளைத் தேர்ந்தெடுத்தார். பெரிதும் அதன் பயனாகவே முதல் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார். ஜனாதிபதி ஆதன் அப்துல்லே உஸ்மான் பிடிவாதமாக அவரையே மறுபடியும் நியமித்த பிறகுதான் ஆட்சி நடத்த முடிந்தது. அந்த ஆதன் அப்துல்லே 1967இல் ஷெர்மார்க்கேயிடம் தோல்வியுற்றபோது, முடிவை ஒப்புக்கொண்டு பதவியை ஒப்படைத்துவிட்டுத் தம் தோட்டத்துக்குப் போய்ப் பயிர் செய்தார். தேர்தலில் தோற்ற தலைவன் அமைதியாக வீடு திரும்புவதென்பது அன்றைய சுதந்திர ஆப்பிரிக்கா அறியாத காட்சி. சோமாலியர்கள் இயல்பிலேயே ஜனநாயகத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று எழுதுகிறவர்கள் இந்த மனிதரை மறந்துவிட்டு எழுதுகிறார்கள்.

சியாத் பர்ரே குலத்தை ஒழிப்பதாகப் பிரதிக்ஞை செய்தார். 1970, 71ஆம் ஆண்டுகளில் குலவெறிக்கும் ஊழலுக்கும் உருவ பொம்மைகள் செய்து அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்று எரித்தார்கள், புதைத்தார்கள். ரத்தப் பரிகாரம் தடை செய்யப்பட்டது. கொலைக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. சிற்றப்பன் மகனே என்று ஒருவரையொருவர் அழைத்து வந்தவர்கள் இனித் தோழரே என்று அழைக்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. நன்மை எதுவும் விளையவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அதிகாரபூர்வமான எழுத்துரு இல்லாதிருந்த சோமாலி மொழிக்கு 1972இல் லிபி வகுத்து, அதன்பின் பள்ளி மாணவர்களைக் கிராமந்தோறும் அனுப்பி நாடோடிகளுக்கு எழுத்தறிவித்தது சரித்திரம் போற்றவேண்டிய சாதனை. ஆனால் பகிரங்கத்தில் புதைக்கப்பட்ட குலம் அரண்மனைக்குள் சிம்மாசனம் ஏறியிருந்தது. தகப்பன் வழியில் மரேஹான், தாய் வழியில் ஒகாடென், ரகசியப் போலீசின் தலைவராயிருந்த மருமகன் வழியில் துல்பஹாந்தே என்று மூன்று குலங்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'எம்.ஓ.டி.' என்று ஜனங்கள் அந்த ஆட்சிக்குப் பெயரிட்டு, காதோடு காதாக வழங்கினார்கள்.

எதியோப்பியாவுடன் நடந்த ஒகாடென் யுத்தத்தில் 1978இல் தோற்ற பிறகு, மஜர்டீன் குலத்து அதிகாரிகள் சிலர் கலகம் செய்து முறியடிக்கப்பட்டார்கள். தண்டனை அந்த அதிகாரிகளோடு நிற்கவில்லை. முதுக் பிரதேசத்தில் அக்குலத்து நாடோடிகள் மழைநீரைச் சேமித்து வைத்திருந்த தொட்டிகளை ராணுவம் உடைத்தெறிந்தது. மனிதர்களும் மந்தைகளும் தாகத்தால் மடிந்தார்கள். 1988இல் ஈசாக் குலத்தவரின் போராளிகள் வடக்கே நுழைந்தபோது, ஹர்கேசா நகரத்தின் விமான நிலையத்திலிருந்தே கிளம்பிய விமானங்கள் அதே நகரத்தின்மீது குண்டு வீசின. பல்லாயிரம் பேர் மாண்டார்கள், லட்சக்கணக்கானோர் எதியோப்பியாவுக்கு நடந்தார்கள். இந்தத் தொடரில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: சோமாலியன் தலைவர்களை நம்பாமல் போனது குலப்பற்றின் காரணத்தால் அன்று, தலைவர்களை நம்ப முடியாமற்போன காரணத்தாலேயே அவன் குலத்தை இறுகப் பற்றினான். பாட்டன் பெயரையே மறந்துவிட்டுப் பட்டணத்தில் ஆசிரியனாகவோ என்ஜினியராகவோ வாழ்ந்தவனையும், உன் பாட்டன் இன்னான் என்று சொல்லிச் சுட வருகிறவன் முன்னால் அந்தப் பாட்டனின் மற்றப் பேரர்களைத் தேடி ஓடுவதைத் தவிர வேறு வழியில்லாதவனாக அரசே ஆக்கிவிட்டது.

இவற்றைக் கவிஞர்கள் முன்கூட்டியே கண்டார்கள். 1979இன் இறுதியில் கார்ரியே குலவெறியைக் கண்டித்து ஒரு கவிதை பாட, சிறையிலிருந்து மீண்டு அதிக காலமாகாத ஹத்ராவி அதற்கு மறுமொழி பாட, நாடெங்குமிருந்து புலவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சேர்ந்துகொண்ட 'தீலே' என்ற கவிதைச் சங்கிலி, ஒலிநாடாக்களில் பதிவாகிக் கைமாறிக் கைமாறிப் பரவியது. வரிதோறும் ஒரே எழுத்து மோனையாக வருவது அவர்கள் யாப்பின் விதியாதலால், அந்த விவாதம் முழுவதும் தகரத்தை ஒத்த அவர்களது ஒரே எழுத்தைச் சுற்றியே நடந்தது. மோனையின் சுவை அறிந்த தமிழர்களுக்கு அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

1991 ஜனவரியில் பர்ரே தலைநகரைவிட்டு ஓடினார். அவரை விரட்டிய அலி மஹ்தியும் ஜெனரல் ஐதீதும் ஒரே ஹாவியே குலத்தினர். ஆயினும் அவ்வாண்டு முடிவதற்குள் முன்னவர் அப்கால் கிளையையும் பின்னவர் ஹபர் கிதிர் கிளையையும் துணைகொண்டு மொகதிஷுவை இரண்டாகப் பிளந்து பீரங்கியால் தாக்கிக்கொண்டார்கள். வம்ச விருட்சத்தை எந்தப் பாட்டனிடத்தில் வெட்டினால் தமக்கு லாபமோ அங்கே வெட்டினார்கள். அடுத்த ஆண்டுப் பஞ்சத்தில் பைதோவாவைச் சுற்றி அதிகமாக மாண்டவர்களோ, பெரிய ஆயுதக் கூட்டம் எதுவும் இல்லாத ரஹன்வெய்ன் உழவர்கள்.

வடக்கே, தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தில் வேறுவிதமாக நடந்தது. 1993இல் போராமாவில் குலப் பெரியோர்கள் மாதக்கணக்கில் கூடிப் பேசி, குலத்தை மறைக்காமல், பெரியோர் சபை ஒன்றையே பார்லிமெண்டின் மேல்சபையாக அமைத்தார்கள். 2003ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில், பெரும்பான்மை ஈசாக் குலத்தைச் சேராத தாஹிர் ரியாலே முதலில் அறிவித்த கணக்கின்படி 80 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். எதிர்த்தரப்பு இறுதியில் அதை ஏற்றது. இதையும் பூரணமான வெற்றி என்று கொள்ளலாகாது. கிழக்கே துல்பஹாந்தே மக்கள் அந்த ஏற்பாட்டைத் தங்களுடையதாகக் கருதவில்லை என்பது 2023இல் அங்கே நடந்த போரில் வெளிப்பட்டது.

தெற்கே 2000ஆம் ஆண்டில், ஜிபூட்டியின் ஆர்த்தா நகரில் கண்ட உபாயம் 'நாலரை' எனப்படுகிறது. தாரோத், ஹாவியே, திர், திகில்-மிரிஃப்லே என்ற நான்கு குலங்களுக்குத் தலா ஒரு பங்கு. மீதமுள்ள சிறுபான்மையோர் எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. கீழ்ச்சபையின் 275 ஸ்தானங்களில் நால்வருக்கும் 61 வீதம் போக, 31 எஞ்சுகிறது. சண்டையிட்டவர்களை ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்தது இந்தக் கணக்கு. அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் நதிக்கரையில் உழுகிற பாந்து மக்களும், கடற்கரைப் பட்டணங்களின் பெனாதிரி வணிகர்களும், தோல்வேலையும் கொல்லுவேலையும் செய்து இழிவாக நடத்தப்படுகிறவர்களும் அரை மனிதர்கள் என்று ஒரு ராஜ்யம் தன் அமைப்பிலேயே எழுதிவைத்துக்கொள்வது பொறுக்கத்தக்கதன்று. உறுப்பினர்களை 2012இல் 135 பெரியோர்கள் குறித்தார்கள். 2016இல் ஸ்தானத்துக்கு 51 பேர் வாக்களித்தார்கள். அடுத்த முறை 101 பேர். இத்தனை சிறிய கூட்டத்தை விலைக்கு வாங்குவது எளிது என்பதைச் சோமாலியர்கள் நன்றாக அறிவார்கள்.

ஆளுக்கொரு வாக்கு என்ற முறைக்கு வழிசெய்வதாகக் கூறி 2024 மார்ச்சில் மொகதிஷு பார்லிமெண்ட் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது, வடகிழக்கிலுள்ள சுயாட்சி மாநிலமான புந்த்லாந்து மத்திய அரசை அங்கீகரிக்க மறுத்து விலகி நின்றது. ஜனாதிபதி தம் கையை பலப்படுத்திக்கொள்ளவே இதைச் செய்கிறார் என்ற சந்தேகம் அங்கே எழுந்ததையும், அதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டும் காரணங்களையும் அடுத்த வாரம் பார்ப்போம்.