பூட்டிய பெட்டிக்கும் இருப்புக் கணக்கு வேண்டும்

சென்ற ஆடி மாதம் எங்கள் மண்டிக்கு மூன்று நாட்களாக வெளியூர் ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. ஆடி என்றால் மந்தம்தானே என்று நானும் கணக்குப்பிள்ளையும் பேசிக்கொண்டோம். நான்காம் நாள் காலையில் திண்டுக்கல் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "என்ன அண்ணாச்சி, கடையை மூடிவிட்டீர்களா? நாற்பது மூட்டை துவரம்பருப்புக்கு ஆர்டர் அனுப்பினேன். இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டது. அவசரமாகத் தேவைப்பட்டதால் வேறு இடத்தில் எடுத்துவிட்டேன்" என்றார்.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. எங்கள் மின்னஞ்சல் பெட்டி நிரம்பிப் போயிருந்தது. அதைப் பற்றிய எச்சரிக்கை ஒரு வாரமாகவே திரையின் மேல் நின்றிருக்கிறது. கடைப் பையன் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கிவிட்டான். பெட்டி நிரம்பியபின் கடிதம் திரும்புகிற செய்தி அனுப்பியவருக்குத்தான் போகும், நமக்கு வராது. வாசலுக்கு வந்த சரக்கைக் கிடங்கில் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே உட்கார்ந்து வியாபாரம் மந்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்!

இந்த அனுபவம் நம் சங்கத்தினர் வேறு யாருக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பூட்டிய பெட்டி என்றால் என்ன?

நாங்கள் வைத்திருப்பது சாதாரண மின்னஞ்சல் அல்ல. மறையாக்கம் செய்த மின்னஞ்சல். கொள்முதல் விலை, கடன் பாக்கி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் கடிதத்தில் போகிற காலம் இது. அதனால் இந்த வகைக்கு மாறினோம். ஸ்விட்சர்லாந்தின் புரோட்டான் மெயில், ஜெர்மனியின் ட்யூட்டா ஆகியவை இதில் பெயர் பெற்றவை. முன்பு ட்யூட்டனோட்டா என்று இருந்த பெயரை ட்யூட்டா என்று 2023-இல் மாற்றிக்கொண்டார்கள்.

சாதாரண மின்னஞ்சலில் கிடங்குக்காரரிடமும் ஒரு சாவி இருக்கும். மறையாக்கப் பெட்டியில் சாவி நம்மிடம் மட்டுமே. இடத்தைக் கொடுக்கிற நிறுவனத்துக்கே உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஒரே சேவையில் இருக்கும் இருவர் எழுதிக்கொண்டால் கடிதம் புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம்வரை பூட்டியே போகும். வெளிப் பெட்டியிலிருந்து வரும் சாதாரணக் கடிதம் நம்மிடம் சேர்ந்தபின் பூட்டப்படும். அனுப்பியவரிடம் உள்ள பிரதி திறந்தேதான் கிடக்கும். இந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது.

சாவி நம்மிடம் மட்டும் இருப்பதால் இன்னொன்றும் உண்டு. தேடித் தருவது, ஒழுங்கு செய்வது, தொலைந்தால் மீட்பது என்று மற்றவர் செய்யக்கூடிய வேலைகளும் நம் தலையில் விழுகின்றன. வணிகர் பலர் பூட்டை வாங்கிவிட்டு இந்தப் பொறுப்பை வாங்க மறந்துவிடுகிறோம்.

இடம் ஏன் சீக்கிரம் நிரம்புகிறது?

கூகுள் கணக்கில் அஞ்சல், படம், கோப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. இடம் இலவசம். மறையாக்கச் சேவைகளின் இலவசக் கணக்கில் அஞ்சலுக்குச் சுமார் 1 ஜி.பி.தான். இடத்தைத் தின்பது எழுத்து அல்ல, இணைப்புகளே. ஆயிரம் கடிதங்களின் எழுத்தைவிட நாலு பில்லின் கலர் போட்டோ அதிக இடம் பிடிக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைபேசியில் எடுத்த பில் போட்டோ ஒன்று 4 எம்.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 20 பில் என்றால் 80 எம்.பி. பதின்மூன்று நாளில் 1 ஜி.பி. பெட்டி நிறைந்துவிடும். அதே பில்லைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கினால் ஒன்று சுமார் 100 கே.பி.க்குள் அடங்கும். நாளுக்கு 2 எம்.பி. அந்தப் பெட்டியே ஐந்நூறு நாள் தாங்கும். பில் ஒன்றுதான், எடுத்த விதம்தான் வேறு.

கோப்பைச் சுருக்குவதைப் பூட்டுவதற்கு முன்பே செய்யவேண்டும். பஞ்சை அமுக்கிப் பேல் கட்டலாம். பெட்டியில் போட்டுப் பூட்டியபின் அமுக்க முடியுமா? திரும்பத் திரும்ப வருகிற எழுத்தையும் நிறத்தையும் கண்டுபிடித்துத்தான் கம்ப்யூட்டர் கோப்பைச் சுருக்குகிறது. மறையாக்கம் செய்த கோப்பில் அப்படி எந்த ஒழுங்கும் தெரியாது. அதனால் அது சுருங்காது.

இரண்டாவது காரணம் இரட்டிப்பு. கவுண்டருக்கு வந்த பில்லைக் கணக்குப்பிள்ளைக்கும், அவர் ஆடிட்டருக்கும் அனுப்புகிறார்கள். வந்தவை, அனுப்பியவை என இரண்டு பகுதியிலும் ஒவ்வொரு பிரதி தங்கிவிடுகிறது. எங்கள் விலைப்பட்டியல் 5 எம்.பி. அதை அறுபது வாடிக்கையாளருக்குத் தனித்தனியாக அனுப்பினோம். அனுப்பியவை பகுதியில் மட்டும் 300 எம்.பி. போயிற்று! ஒரே கடிதமாக, முகவரிகளை மறைநகல் கட்டத்தில் போட்டு அனுப்பினால் ஒரு பிரதியே தங்கும். ஒரு வாடிக்கையாளரின் முகவரி இன்னொருவருக்குத் தெரியவும் தெரியாது.

மூன்றாவது, குப்பைத் தொட்டி. அழித்த கடிதம் அங்கேதான் போய் உட்காருகிறது. அதைக் காலி செய்யும்வரை இடம் கிடைக்காது.

அளவைப் பற்றி இன்னொரு குறிப்பு. ஒரு கடிதத்தில் 25 எம்.பி. வரை இணைக்கலாம் என்பது பல சேவைகளில் உள்ள வரம்பு. ஆனால் கோப்பு சாதாரண அஞ்சலில் ஏறும்போது மூன்று பங்கு நான்கு பங்காகப் பெருகும். 20 எம்.பி. கோப்பு ஏறக்குறைய 27 எம்.பி. ஆகிவிடும். நமக்குப் போனதாகத் தெரிவது எதிர்முனையில் ஏற்கப்படாமல் போவதற்கு இது ஒரு காரணம். பெரிய கோப்பாக இருந்தால் அதைக் கடவுச்சொல் போட்ட சுட்டியாக அனுப்புங்கள். கடவுச்சொல்லை அதே கடிதத்தில் எழுதாமல் தொலைபேசியில் சொல்லுங்கள்.

எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக்கூடாது?

இடம் போதவில்லை என்று ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். நானே அன்று காலை அழிக்கக் கை வைத்தேன், கணக்குப்பிள்ளைதான் தடுத்தார். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, அந்த ஆண்டின் வருடாந்திரக் கணக்குத் தாக்கலுக்கு உரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கையும் ஆவணங்களையும் காத்துவைக்க வேண்டும். 2023-24-ஆம் ஆண்டுக் கணக்கின் கடைசி நாள் 31.12.2024. ஆகவே அந்த ஆண்டின் பில்கள் 31.12.2030 வரை கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால் அது முடிந்து ஓராண்டு வரையும் காக்க வேண்டும். இரண்டில் எது பிந்தியதோ அதுவே கெடு.

உள்ளீட்டு வரி வரவு கேட்பவர் கையில் வரிப் பில் இருக்கவேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. பில் தொலைந்தால் காகிதம் மட்டும் போகவில்லை. கட்டிய வரியின் வரவே கேள்விக்கு வருகிறது.

மின்னணுக் கணக்குக்கு ஜி.எஸ்.டி. விதிகளில் 57-ஆம் விதி தனியாக உண்டு. விபத்தோ இயற்கைச் சேதமோ நேர்ந்தாலும் மீட்டெடுக்கும்படி மாற்றுப்பிரதி வைத்திருக்கவேண்டும் என்கிறது அது. அதிகாரி கேட்டால் கோப்புகளின் விவரத்தையும் அவற்றின் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. "பூட்டிவிட்டேன், சாவி மறந்துவிட்டது" என்ற பதில் அங்கே செல்லாது.

ஆகவே கழிக்க வேண்டியவை பழைய விலைப்பட்டியல், விளம்பரம், ஒரே பில்லின் இரண்டாம் மூன்றாம் பிரதிகள், வாழ்த்துப் படங்கள். பில், டெபிட் நோட், கிரெடிட் நோட், ஈ-வே பில், வங்கி அறிக்கை ஆகியவற்றை முதலில் வெளியே எடுத்து வைத்து, திறந்து பார்த்துச் சரியென்று கண்டபிறகே பெட்டியிலிருந்து கழிக்க வேண்டும்.

தேடுவதிலும் எச்சரிக்கை தேவை. உள்ளே இருப்பதை நிறுவனத்தால் படிக்க முடியாததால், சாதாரணப் பெட்டியைப்போல இணைப்புக்குள் இருக்கும் எழுத்தையெல்லாம் அது தேடித் தராது. கோப்புக்கு நல்ல பெயர் வைப்பது ஒன்றே வழி. "ஸ்கேன் 14" என்று விட்டால் ஆறு வருஷம் கழித்து யார் கண்டுபிடிப்பது? தேதி, வியாபாரி பெயர், பில் எண் மூன்றும் கோப்பின் பெயரில் இருக்கட்டும். கடிதத்தின் தலைப்பில் விலையையோ கணக்கு எண்ணையோ எழுதாதீர்கள். புரோட்டானில் தலைப்பு வரி முழுப் பூட்டுக்குள் வருவதில்லை, ட்யூட்டாவில் வரும்.

சாவி தொலைந்தால்?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. பழைய கடவுச்சொல் தெரிந்து புதிது மாற்றினால் ஒன்றும் ஆகாது. மறந்துபோய்ப் புதிது வாங்கினால், மீட்புச் சொற்கள் போன்ற ஏற்பாடு எதுவும் முன்பே செய்து வைத்திராவிட்டால், புரோட்டானில் கணக்கு திரும்பக் கிடைத்தாலும், பழைய கடிதங்கள் படிக்க முடியாமல் பூட்டியே கிடக்கும். ட்யூட்டாவில் கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் இரண்டும் தொலைந்தால் கணக்கே போயிற்று. எந்த அதிகாரியிடம் மன்றாடியும் பயனில்லை. அவர்களிடம் சாவியே கிடையாது.

புரோட்டான் தருவது பன்னிரண்டு சொற்கள் கொண்ட மீட்புத் தொடர். ட்யூட்டா தருவது 64 எழுத்துள்ள மீட்பு எண். இதைக் காகிதத்தில் எழுதி, கடை இரும்புப் பெட்டியில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் வையுங்கள். முதலாளிக்கு மட்டும் தெரிந்தால் போதாது; அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வீட்டில் இன்னொருவருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போகும் அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

கிடங்கே மூடிவிட்டால்?

நாம் தவறே செய்யாவிட்டாலும் சேவை நின்றுபோகலாம். அமெரிக்காவின் லாவாபிட் என்ற பூட்டிய அஞ்சல் சேவை 2013 ஆகஸ்டில் ஒரே நாளில் மூடப்பட்டது. ஸ்கிஃப் என்ற சேவையை 2024 பிப்ரவரியில் நோஷன் நிறுவனம் வாங்கியது. ஆறு மாதக் கெடுவோடு சேவை முடிந்தது. நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வந்த பொய் வெடிகுண்டு மிரட்டலுக்குப் பின் புரோட்டான் மெயிலை இந்தியாவில் முடக்குவது பற்றிப் பேச்சு எழுந்தது. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில், அதை முடக்க நடவடிக்கை எடுக்குமாறு கர்நாடக உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. யாரோ செய்த குற்றத்துக்கு நம் பில்கள் சிக்கிக்கொள்ளக்கூடாது. இலவசக் கணக்கு வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: ட்யூட்டாவில் ஆறு மாதம் உள்ளே நுழையாவிட்டால் இலவசக் கணக்கு நீக்கப்படும்.

எங்கள் கடையில் இப்போது செய்வது

1. மாதக் கடைசி நாள் மாலை, கடை அடைக்குமுன், பெட்டியில் எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுகிறோம். முக்கால் பங்கைத் தாண்டினால் அன்றே கழிப்பு.

2. கடிதங்களை அளவு வாரியாக அடுக்கி, பெரியவற்றை முதலில் பார்க்கிறோம். அனுப்பியவை பகுதியையும் விடுவதில்லை.

3. பில்களை ஆண்டு, மாதம் வாரியாக இரண்டு வெளி டிஸ்க்குகளில் ஏற்றுகிறோம். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். வெளியே எடுத்த கோப்பில் பூட்டு இருக்காது. அதனால் 7-ஜிப் என்ற இலவச மென்பொருளில் கடவுச்சொல் போட்டுக் கட்டுகிறோம்.

4. ஏற்றியதில் நாலைந்தைத் திறந்து பார்த்தபிறகே பெட்டியில் அழிக்கிறோம். பிறகு குப்பைத் தொட்டியையும் காலி செய்கிறோம்.

5. ஆர்டருக்கு ஒரு முகவரி, பில்லுக்கு வேறொரு பெட்டி என்று பிரித்துவிட்டோம். பில் பெட்டி நிறைந்தாலும் ஆர்டர் வழி அடைபடாது.

இவ்வளவுக்கும் மாதம் ஒரு மணி நேரம்தான் ஆகிறது. மார்ச் மாதம் கிடங்கில் மூட்டை எண்ணாத வணிகர் நம்மில் யாரும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கிடங்கையும் எண்ணப் பழகினால் போதும். திண்டுக்கல்காரர் இப்போது மறுபடியும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். ஆனால் ஆர்டர் அனுப்பியதும் தவறாமல் ஒரு போன் போட்டு, "வந்து சேர்ந்ததா அண்ணாச்சி?" என்று கேட்டுவிடுகிறார். அந்தக் கேள்வி நின்றுபோகும் அளவுக்கு அவருக்கு நம்பிக்கை வரவேண்டும். அதுவரை மாதக் கடைசி மாலை எங்கள் கடை ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் அடைக்கும்.