ஒரு கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகள்

குற்றாலத்தில் சாரல் காலத்தில் விடுதி அறை கிடைப்பது அரிது. பங்குனியில் அதே அறைகள் பூட்டிக் கிடக்கும். பல அலுவலகங்களின் சர்வர் கணிப்பொறிகளும் இப்படித்தான். கணக்குக்கு ஒன்று, சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று எனத் தனித்தனியே வைத்தால், ஒவ்வொன்றும் பெரும்பகுதி நேரம் வேலையின்றி மின்சாரத்தை மட்டும் தின்றுகொண்டிருக்கும்.

இதற்கு மாற்று, 'மெய்நிகர் கணிப்பொறி' ஆகும். 'ஹைப்பர்வைசர்' என்னும் மேற்பார்வை நிரல், ஒரே கணிப்பொறியின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டுப் பல கணிப்பொறிகள் போல் இயங்கச் செய்கிறது. இது புதுமையன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே வி.எம்./370 என்னும் இத்தகைய அமைப்பை அறிவித்தது.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-இல் அலுவலகம் தொடங்கிய ஜோஹோ நிறுவனத்தின் 'ஆப்மேனேஜர்' மென்பொருள், மெய்நிகர் கணிப்பொறிகளைக் கண்காணிக்கும் வேலையையும் செய்கிறது. ஆனால் கண்காணிப்பதற்கு முன் திட்டமிட வேண்டுமல்லவா? அதை ஒரு கணக்கின் மூலம் காண்போம்.

நினைவகக் கணக்கு

ஒரு நிறுவனத்துக்கு 20 மெய்நிகர் கணிப்பொறிகள் தேவை. ஒவ்வொன்றுக்கும் 8 ஜிகாபைட் நினைவகம் என்று கொள்வோம். மொத்தம் 160 ஜிகாபைட். 64 ஜிகாபைட் கொண்ட சர்வர்கள் மூன்று வாங்கினால் 192 ஆகிறது. போதும் என்று தோன்றும். ஒரு சர்வர் பழுதானால் என்ன ஆகும்? எஞ்சுவது 128. ஹைப்பர்வைசருக்கென்று சர்வருக்கு 8 வீதம் ஒதுக்கினால் மீதி 112. இதில் 14 கணிப்பொறிகளே இயங்கும். மற்ற ஆறுக்கும் இடமில்லை. அவற்றுள் ஒன்று சம்பளப் பட்டியலாக இருக்கலாம்! ஆகவே சர்வருக்கு 128 ஜிகாபைட் வைப்பதே முறை. அப்போது இரண்டே சர்வர்கள் இருபதையும் தாங்கும், வளர்ச்சிக்கும் இடமிருக்கும்.

செயலியை முறைவைத்துப் பகிரலாம். எல்லாருக்கும் ஒரே நொடியில் வேலை வருவதில்லை. நினைவகத்தை அவ்வாறு தாராளமாகப் பகிர இயலாது. அது விடுதிக் கட்டிலைப் போன்றது. ஒருவர் படுத்திருக்கும்போது மற்றவருக்குக் கொடுக்க முடியாது.

வெப்பக் கணக்கு

சர்வர் உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. சர்வருக்கு 500 வாட் எனில், மூன்றுக்கும் 1500 வாட். மின்தடையின்போது யு.பி.எஸ். சர்வர்களை மட்டும் இயக்குகிறது. குளிர்சாதனம் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் நீள, அகல, உயரமுள்ள அறையில் சுமார் 32 கிலோகிராம் காற்று இருக்கும். அதன் வெப்பநிலை 1 டிகிரி உயர ஏறத்தாழ 32,000 ஜூல் போதும். சுவர்கள் உறிஞ்சுவதை நீக்கிப் பார்த்தால், 21 நொடிக்கு ஒரு டிகிரி ஏறும்! சாரல் காற்று குளிர்ச்சிதானே என்று சன்னலைத் திறந்துவைப்பதும் தவறு. ஈரமும் தூசியும் உள்ளே வரும். எனவே குளிர்சாதனத்துக்கும் மாற்று மின்சாரம் தேவை. இல்லையேல் சர்வர்கள் தாமே ஒழுங்காக நின்றுவிட ஏற்பாடு வேண்டும்.

நகல் எங்கே?

மெய்நிகர் கணிப்பொறியின் ஒரு கணத்து நிலையைப் பதிந்துவைக்கும் வசதி உண்டு. அது அதே வட்டில் இருப்பதால் காப்பு நகல் ஆகாது. 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை நினைவுகூருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தரைத்தளத்தில் சர்வரும் பக்கத்து அலமாரியில் நகலும் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும். ஒரு நகலேனும் வேறு ஊரில் இருக்க வேண்டும். அதிலிருந்து மீட்டெடுத்தும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. மெய்நிகர் கணிப்பொறியைச் சில நிமிடங்களில் உருவாக்கிவிடலாம். ஆனால் வேலை முடிந்தபின் அதை நிறுத்த எவருக்கும் நினைவிருக்காது. விடுதியில் பதிவேடு இருப்பதுபோல் இதற்கும் ஒன்று வேண்டும்: யாருக்காக, எதற்காக, எதுவரை? இம்மூன்றுக்கும் விடை எழுதாமல் அறைச் சாவியைக் கொடுக்காதீர்கள்.