மனந்திரும்புதல்

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைப் பட்டினத்தைச் சூழப் பல சமயத்தார் நெருங்கி வாழ்கின்றனர். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களிற் பாங்கோசை கேட்கின்றது. பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோவில் இருக்கின்றது. கிறிஸ்தவரும் அயலில் உள்ளனர். இத்தகைய இடத்தில், 'இன்னார் மனம் மாறினார்' என்றவுடன், 'மதம் மாறினாரோ?' என்ற ஐயமே முதலில் எழுகின்றது. ஐயத்தைத் தொடர்ந்து குடும்பத்திற் கலக்கமும் வருகின்றது. ஆதலின், கிறிஸ்தவர் கூறும் மனந்திரும்புதல் யாதென அறிந்துகொள்ளுதல் அனைவர்க்கும் நன்று.

இக்கரையில் மெதடிஸ்த சபை வேரூன்றியது. அச்சபையின் மூலவர் ஜோன் வெஸ்லி என்னும் ஆங்கிலேயர். 1703ஆம் ஆண்டு பிறந்த அவர், 1728ஆம் ஆண்டிலேயே குருப்பட்டம் பெற்றார். நோன்பும் செபமும் தவறாதவர். 1735ஆம் ஆண்டு சமயப் பணிக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நடுக்கடலிற் புயல் அடித்தபோது, உடன் சென்ற மொறேவியக் கிறிஸ்தவர்கள் அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தனர். குருவாகிய வெஸ்லியோ சாவுக்கு அஞ்சி நடுங்கினார். தாம் போதித்த நம்பிக்கை தம் நெஞ்சில் இல்லையே என்ற வேதனை அன்று தொடங்கியது.

1738ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் மாலை, இலண்டனில் ஒரு சிறு கூட்டத்திற்கு மனமின்றியே சென்றார். உரோமருக்கு எழுதிய நிருபத்திற்கு மார்ட்டின் லூதர் வரைந்த முன்னுரை அங்கே வாசிக்கப்பட்டது. அதைக் கேட்கையில் தம் இதயம் வியக்கத்தக்கவாறு கனிந்து வெம்மையுற்றதென்றும், தம் முயற்சியை விடுத்துக் கிறிஸ்துவையே நம்பினார் என்றும் அவர் நாட்குறிப்பு கூறுகின்றது.

நேயர்களே, அன்று அவர் சமயம் மாறவில்லை, பெயரும் மாறவில்லை. மாறியது அகம். அதன் பயன் பின்னர்ப் புறத்தே விளங்கிற்று. 1774ஆம் ஆண்டு அடிமை வாணிபத்தைக் கண்டித்து நூல் எழுதினார். 1791ஆம் ஆண்டு, இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னரும், அக்கொடுமையை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்சுக்கு ஊக்கமளித்துக் கடிதம் வரைந்தார்.

அவர் வழிவந்த வில்லியம் ஓல்ட் 1814ஆம் ஆண்டு மட்டக்களப்பை அடைந்தார். ஓராண்டு நிறையுமுன் இறந்துபட்டார். ஆயினும் பணி நின்றுவிடவில்லை. பின்னாளிற் கல்முனையில் எழுந்த மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையிற் காரைதீவைச் சேர்ந்த மயில்வாகனம் என்னும் மாணவர் பயின்றார். அவரே 1924ஆம் ஆண்டு இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, விபுலாநந்த அடிகள் எனப் பெயர் பெற்றார். அவர் அகம் கனிந்த வழி வேறு.

மனந்திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய 'மெட்டனோயா', மனமாற்றம் எனப் பொருள்படும். இஸ்லாமியர் கூறும் 'தௌபா' என்பதற்கும் திரும்புதல் என்பதே பொருள். பாவத்தை விடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்யாதிருக்க உறுதி கொள்ளுதல், பிறர் உரிமையைக் கவர்ந்திருப்பின் அதைத் திருப்பிக் கொடுத்தல் என்பன அதன் நிபந்தனைகள். கிறிஸ்துவின் அருளே தம்மைத் திருப்புகின்றது என்பது கிறிஸ்தவரின் நம்பிக்கை. அவ்விடத்திற் சமயங்கள் வேறுபடுகின்றன. ஆனால், திரும்பிய மனத்தை அயலவன் அறிவது எங்ஙனம்? திரும்பக் கொடுத்த கடனாலும், அடங்கிய சினத்தாலும், பகைவனுக்குத் திறந்த வாசலாலுமே அறிகின்றான்.